செல்லப்பன் பெயரை எடுத்த கதை

ஸ்டேஷன் ரைட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே,

முதல் தகவல் அறிக்கை எழுதுவது எப்படி, கேஸ் கட்டை அடுக்குவது எப்படி என்றெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்று மூன்று இன்ஸ்பெக்டர்கள் திட்டியிருக்கிறார்கள். நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு தப்பையும், அதைத் தன் தோளில் தாங்கிக்கொண்ட ஒரு மனிதரையும் பற்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், யார் யாருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் மனதில் வந்தது ஒரு போலீஸ்காரரின் முகம் அல்ல. எங்கள் கேடி ரிஜிஸ்டரில் பெயர் இருந்த செல்லப்பனின் முகம்தான் வந்தது.

கேடி ரிஜிஸ்டர் என்பது ஒரு முறை தண்டனை பெற்று, இனியும் குற்றம் செய்யக்கூடும் என்று போலீஸ் நினைப்பவர்களின் பெயர்ப் புத்தகம். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஸ்டேஷன் புத்தகத்தில் ஐந்து பெயர் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அப்போது திருவிதாங்கூரில் இருந்த கொட்டாரத்தில் பஸ் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கோவில், சித்திரையில் தேர். தேர் நாளில் கூட்டம் கூடும், கூட்டத்தில் கழுத்துச் சங்கிலி போகும் என்பதால் அந்த ஐந்து பேரும் காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்து, தேர் நிலைக்கு வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வழக்கம் என்றார்கள், சரி என்றேன்.

என் முதல் தேர். ஐந்து பேரும் சோற்றுப் பொதியோடு, யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். நாலு பேர் சுவரில் சாய்ந்து தூங்கத் தொடங்கினார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் தெருப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம், முழங்கால்மேல் இரண்டு கையும். கோவில் மூன்று தெரு தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கொட்டுச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் மட்டும்தான் கேட்டது.

திடீரென்று அவர், "எடத்து கட்ட பிந்திப் போச்சு," என்றார்.

"என்னது?"

"தேரு மேக்குத் தெரு முக்குல திரும்புது, ஏமானே. எடத்து முன் சக்கரத்துக்குக் கட்ட போடப் பிந்திப் போச்சு. இப்ப செவுத்துல போயி உரசும் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் கொட்டு நின்றது. தேர் முக்கு வீட்டுச் சுவரில் உரசி நின்றுவிட்டதாகப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சொன்னார்.

அவர்தான் செல்லப்பன். ஓடும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட்டு, தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர் குடும்பத்துக்கு உரிய வேலை. இடது முன் சக்கரம் அவருடைய அப்பாவுடையது. அப்பா போன பிறகு இவருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வருஷத்தில் எந்த ஒரு நாளில் அவர் தேரடியில் இருக்க வேண்டுமோ அதே நாளில் எங்கள் வராந்தாவில் இருந்தார். சித்தப்பா மகன் கட்டை போட்டுக்கொண்டிருந்தான், வருஷம் தவறாமல் சுவரில் உரசிக்கொண்டிருந்தான்.

என்ன குற்றம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை பொய்த்த ஒரு வருஷத்தில், மிஷன் பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர் வீட்டில் ஓடு மாற்றும் வேலைக்குப் போனவர் ஒரு வெண்கல உருளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்தில் பிடிபட்டார், உருளியும் கிடைத்தது. ஆறு மாதம் ஜெயில். அதற்குப் பிறகு அவர்மேல் ஒரு புகாரும் இல்லை. முதல் பக்கத்தில் பெயர், அதன் கீழே பெருவிரல் ரேகை.

நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் பத்மநாபபுரம் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். வெற்றிலை போடமாட்டார், யாரையும் அடிக்கமாட்டார், அதனால் அவரைப் பற்றி ஸ்டேஷனில் யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. இன்றுவரை நான் மதிக்கும் அதிகாரி அவர் ஒருவர்தான்.

"சார், பெயரை எடுக்க வழி இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடோ, அந்தப் புஸ்தகத்துல ஒருத்தனுக்க பேரு எழுத எத்தன ஒப்பு வேணும்?"

"ஒண்ணு, சார். ஸ்டேஷன் அதிகாரியோட கையெழுத்து."

"எடுக்க?"

விதிப் புத்தகத்தைப் பார்த்து எண்ணினேன். களவு கொடுத்தவர் வாக்குமூலம், ஊரில் மரியாதைப்பட்ட நாலு பேர் சாட்சி, நம்முடைய சிபாரிசு, மேலே சூப்ரண்டின் உத்தரவு. "ஏழு, சார்."

"ஒரு ஒப்புல உள்ள போனவன் வெளிய வர ஏழு ஒப்பு. ஜோலி ஆருக்குக் கூடுதல்?"

"நமக்குத்தான், சார்."

"அதாக்கும் ஒருத்தனும் எடுக்காத்தது. நீ எடு."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்த இரண்டு வருஷம் நான் அனுப்பிய காகிதம் எந்த மேஜையில் தூங்கினாலும் அவர் தாமே போய் எழுப்பிவிட்டு வந்தார்.

சாட்சிக் கையெழுத்துகளை வாங்கியது செல்லப்பன் அல்ல, அவர் மனைவி தங்கம்மை. செல்லப்பனுக்கு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூச்சம். தங்கம்மைக்கு அந்த வியாதி இல்லை. கோவில் நிர்வாகம் பார்க்கும் ஸ்ரீகாரியம், பலசரக்குக் கடைக்காரர், வைத்தியர், நெல் வியாபாரி ஒருவர் என்று நாலு பேரையும் நடந்தே பிடித்தார். நெல் வியாபாரி மட்டும் மூன்று தடவை நாளைக்கு வா என்றாராம். நாலாவது தடவை தங்கம்மை, "நீரு ஒப்பு போடாண்டாம். போடமாட்டேன்னு எழுதித் தாரும், அத வச்சிட்டுப் போறேன்," என்று காகிதத்தை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மீதி இருந்தது டீச்சரம்மா. அவரிடம் வாக்குமூலம் வாங்க நானே போனேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எனக்க உருளி அந்த வாரமே திரும்பி வந்தாச்சு. கழிஞ்ச கிறிஸ்மஸுக்கும் அதுலதான் பாயசம் வச்சேன். உங்களுக்க புத்தகத்துல மட்டும் அது இன்னும் களவு போயிட்டே இருக்கா?"

வாக்குமூலம் எழுதக் காகிதத்தை எடுத்தேன். இரண்டு வரி எழுதுவதைப் பார்த்தவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். "கொண்டா மக்கா, நானே எழுதுதேன். இத சூப்ரண்டு வாசிக்க வேண்டாமா?"

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாகிச் சில காலம் ஆனபின், ஒரு பங்குனி மாதத்தில் உத்தரவு வந்தது. செல்லப்பன் பெயரைக் கேடி ரிஜிஸ்டரிலிருந்து நீக்கலாம். சிவப்பு மையில் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, உத்தரவு எண்ணை எழுதி, இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். செல்லப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு அடியில எனக்க பேரு கெடக்கா, ஏமானே?"

"கிடக்கு. ஆனா கோடு போட்டாச்சு, இனி செல்லாது."

"வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு வாசிக்க முடியும், இல்லியா?"

முடியும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இந்த வருசம் கட்ட போடப் போவலாமா?" என்று மட்டும் கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றேன். அன்று வீட்டுக்குப் போகும்போது என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

இனிதான் என் தப்பு. தேருக்குப் பந்தோபஸ்து செய்ய வெளி ஸ்டேஷன்களிலிருந்து போலீஸ் வரும். அவர்களுக்கு எங்கள் ஊர் ஆட்களைத் தெரியாது என்பதால் கேடி ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர், அடையாளம் எல்லாம் நகல் எழுதிக் கொடுப்போம். அந்த வருஷம் வேலை குவிந்து கிடந்தது. ரிஜிஸ்டரை எடுத்து வைத்து எழுதச் சோம்பல்பட்டு, போன வருஷ நகல் ஒன்று மேஜையில் கிடந்ததே, அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். பெயரை எடுக்க இரண்டு வருஷம் அலைந்த அதே கை, கால் மணி நேரத்தில் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டது.

தேர் நாள். நான் மேற்குத் தெரு முக்கில், கூட்டத்தை ஒதுக்கும் போலீஸோடு நின்றேன். தேர் அசைந்து வந்தது. இடது முன் சக்கரத்தின் ஓரம் செல்லப்பன், தலையில் சிவப்புத் துண்டு, கையில் கைப்பிடி வைத்த பருத்த புளியங்கட்டை. முக்கு வீட்டு வாசல் நடையில் பெண்களும் குழந்தைகளும் நெருக்கி நின்றார்கள். தங்கம்மையும் அங்கேதான் நின்றார். யாரோ கூட்டத்தில், "செல்லப்பா, பாத்துப் போடு!" என்று உற்சாகமாகக் கத்தினார்.

பெயரைக் கேட்டதும் வெளி ஸ்டேஷன் சப் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அவர் கைகாட்டியதும் ஒரு போலீஸ்காரர் பாய்ந்து போய்ச் செல்லப்பனின் வலது தோளைப் பிடித்தார். "ஏலே, ஸ்டேஷன்ல இருக்க வேண்டியவனுக்கு இஞ்ச என்ன ஜோலி?"

தேர் நிற்கவில்லை. வடம் பிடித்த நூற்றுக்கணக்கான பேருக்கு இது எதுவும் தெரியாது. சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. கட்டை விழாவிட்டால் தேர் திரும்பாது, நேரே அந்த நடையில் ஏறும்.

செல்லப்பன் போலீஸ்காரரை உதறித் தள்ளியிருக்கலாம். அவர் பலத்துக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் போலீஸ்மேல் கை வைத்தால் மறுபடியும் கேஸ், மறுபடியும் அந்தப் புத்தகம் என்று அவருக்குத் தெரியும். வலது தோளை அப்படியே போலீஸ்காரர் கையில் விட்டுவிட்டார். கட்டையை இடது கைக்கு மாற்றித் தரையில் போட்டுக் காலால் சக்கரத்தின் அடியில் தள்ளினார். சக்கரம் கட்டையில் ஏறி, முனகி, திரும்பி நின்றது. நடைக்கும் தேருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

கொட்டு நின்றது. ஊரே பார்த்தது. தங்கம்மை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சப் இன்ஸ்பெக்டர் சூடாக இருந்தார். கேடி கூட்டத்துக்குள் வந்ததற்கும், போலீஸ் பிடித்த பிறகு அடங்காமல் போனதற்கும் கேஸ் போடுவேன் என்றார். நான் உள்ளே புகுந்தேன். எங்கள் இன்ஸ்பெக்டர் கோவில் வாசலில் இருந்தார், கூப்பிட நேரம் இல்லை. என் மனதில் அந்த நொடியில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். உத்தரவு இன்றைக்குத்தான் வந்தது என்று ஒரு பொய் சொன்னால் நான் தப்பிக்கலாம். தபாலைக் குற்றம் சொன்னால் யாரும் தபாலிடம் போய்க் கேட்க மாட்டார்கள். அந்தப் பொய் நுனி நாக்குவரை வந்துவிட்டது. அப்போது செல்லப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவர் பெயரை எடுத்து உத்தரவு வந்து ஒரு மாதமாச்சு. நகல் எழுதினது நான். பழைய நகலைப் பார்த்து எழுதிட்டேன். தப்பு என்னோடது," என்றேன். ஊர் கேட்கும்படிதான் சொன்னேன்.

"எழுதிக் கொடுப்பீரா?"

அவர் நோட்டுப் புத்தகத்திலேயே நின்றபடி எழுதி, கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் மணிமணியாக எழுதியது அந்த மூன்று வரிதான்.

தோளில் இருந்த கை இறங்கியது. செல்லப்பன் அந்தத் தோளைத் தடவிக்கொண்டு, "ஏமான்மாரே, மத்ததெல்லாம் பெறவு பேசிக்கிடலாம். சனம் வடத்தப் பிடிச்சிட்டு நிக்கி. கொறச்சு மாறி நில்லுங்க," என்றார். சப் இன்ஸ்பெக்டரும் மாறி நின்றார், நானும் மாறி நின்றேன். தேர் அன்று எந்தச் சுவரிலும் உரசாமல் நிலைக்கு வந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்த தங்கம்மை என்னை உள்ளே வரச் சொல்லவில்லை, அதுவும் நியாயம்தான். செல்லப்பன் பின்னாலிருந்து வந்து, மனைவியிடம், "ஊரு முன்னால பேரு சொல்லிப் பிடிச்சாவ. அதே ஊரு முன்னால இவரு தப்பு எனக்கதுன்னு சொன்னாரே, பிள்ளே. அது உத்தரவுலகூட இல்லாத்தது," என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி கிடைத்தது.

நான் எழுதிக் கொடுத்த மூன்று வரி மேலே போய், என் சர்வீஸ் புத்தகத்தில் 'கடுமையான கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பாகத் திரும்பி வந்தது. இது எப்படியோ தங்கம்மை காதுக்குப் போய்விட்டது. ஒரு வாரத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு மனு வந்தது. ரைட்டர் நல்லவர், தெரியாமல் செய்துவிட்டார், அவர் பெயரிலுள்ள கெட்ட குறிப்பை எடுத்துத் தர வேண்டும் என்று டீச்சரம்மா கையெழுத்தில் எழுதி, அதே ஸ்ரீகாரியம், அதே பலசரக்குக் கடைக்காரர், அதே வைத்தியர், அதே நெல் வியாபாரி எல்லாரும் ஒப்புப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அதைப் படித்து மேஜையில் குப்புறக் கவிழ்ந்து சிரித்தார். குறிப்பை எடுக்க எழுதட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் சார், அது உண்மைதானே என்றேன். அவர் அந்த மனுவை என் சர்வீஸ் புத்தகத்தில், குறிப்புக்கு அடுத்த பக்கமாகத் தைத்து வைத்தார். பதவி உயர்வுக்காக அதைத் திறந்த ஒவ்வொரு அதிகாரியும் முதலில் முகத்தைச் சுளிப்பார், பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்கு எந்தப் பதவி உயர்வும் தவறவில்லை.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஸ்டேஷன் புத்தகங்களை எல்லாம் மலையாளத்திலிருந்து தமிழில் புதிதாக எழுத வேண்டியிருந்தது. கேடி ரிஜிஸ்டரை எழுதும்போது, கோடு போட்ட பெயரைப் புதுப் புத்தகத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை. இந்தத் தடவை அசல் புத்தகத்தையே எடுத்து வைத்து, இரண்டு தடவை சரிபார்த்து எழுதி முடித்தேன். பிறகு செல்லப்பனுக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்தார். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. புதுப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, "இதுல கோடும் இல்ல, கோட்டுக்கு அடியில ஒண்ணும் இல்ல," என்றேன்.

"வாசியும், ஏமானே."

அது வெளியாட்களுக்கு வாசித்துக் காட்டக் கூடாத புத்தகம். நீங்கள் செய்யாதீர்கள். நான் செய்தேன். மீதி இருந்த நாலு பெயரையும் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ஒருக்கா கூட வாசியும்," என்றார். மறுபடியும் வாசித்தேன். இரண்டாவது தடவை மூன்றாம் பெயரில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கையனா? அவன் வாதம் வந்து கெடந்து மூணு வருசமாச்சு. எழும்பி நிக்க மாட்டான். தேருக்குத் தேரு அவனுக்க மவன் சொமந்து கொண்டாந்து உங்களுக்க வராந்தால இருத்திட்டுப் போறான். அவனுக்க பேர எதுக்கு வச்சிருக்கு?"

நானும் அதைப் பார்த்திருந்தேன். வருஷா வருஷம் பார்த்திருந்தேன். "எடுக்கணும்னா ஊர்ல மரியாதப்பட்ட நாலு பேரு சாட்சி சொல்லணும். அவருக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

"நான் சொல்லுதேன்."

சாட்சிப் பத்திரம் ஒன்றை எடுத்து எழுதினேன். சாட்சி சொல்பவர்: செல்லப்பன், ஊர்ப் பிரமுகர். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். அவர் பழக்கப்பட்டவர்போல மைப்பெட்டியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டார்.

"எனக்க ரேக உங்ககிட்ட ஏற்கெனவே உண்டுமே, ஏமானே," என்று சிரித்தபடி பெருவிரலை மையில் முக்கி, 'ஊர்ப் பிரமுகர்' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அழுத்தமாக வைத்தார்.